மூலையில் உறங்கும் ஜெனரேட்டர்: வணிகர்கள் கவனத்திற்கு

நமது கடைகளில் பலர் ஜெனரேட்டர் வாங்கியது கடும் மின்வெட்டுக் காலத்தில்தான். 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இருக்காது. அப்போது அந்த இயந்திரம் தினமும் ஓடியது. தினமும் ஓடியதால் அதன் குறை நிறைகளும் நமக்குத் தெரிந்திருந்தன. பின்னர் மின்வெட்டு குறைந்தது. இன்வெர்ட்டர் வந்தது. ஜெனரேட்டர் குடோனின் மூலைக்குப் போய், அதன் மேல் காலிச் சாக்குகள் ஏறிக்கொண்டன.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிநீர்த் தொட்டிக்கு நீர் ஏற்றவே வாடகைக்கு ஜெனரேட்டர் தேடி அலைந்த நாட்கள் அவை. சொந்தமாக ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்காரர்களில் பலரும் அன்று அதன் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். இயந்திரம் கிளம்பவில்லை. மெக்கானிக்கோ நூறு பேருக்கு ஒருவர்.

விற்காமல் தேங்கிய சரக்கு கெட்டுப்போகும் என்பது நமக்குத் தெரியும். ஜெனரேட்டரும் அப்படித்தான். ஓடி ஓடித் தேய்ந்து நின்ற ஜெனரேட்டரைவிட, ஓடாமல் கிடந்து கெட்ட ஜெனரேட்டரே நம் கடைத்தெருக்களில் அதிகம். ஆகவே, அதைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி, மக்கர் செய்தால் நாமே என்ன பார்க்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்பவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன். கடைக்கும் கடை மாடியில் உள்ள வீட்டுக்கும் பயன்படும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். டீசல் செட் வைத்திருப்போருக்கும் சில குறிப்புகள் உண்டு.

இரண்டு பாகங்கள்

ஜெனரேட்டர் என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்தது. ஒன்று இன்ஜின். மற்றொன்று, அந்த இன்ஜின் சுற்றுவதால் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர். கோளாறு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இன்ஜின் ஓடவில்லையா, அல்லது இன்ஜின் ஓடியும் கரண்ட் வரவில்லையா?" என்பதே. இன்ஜின் கோளாறு என்றால் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கே பெரும்பாலும் சரி செய்துவிடுவார். கரண்ட் கோளாறு என்றால் எலெக்ட்ரீஷியன் வேண்டும். ஆள் மாறி அழைத்தால் பணமும் பொழுதும் வீண்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை

மாதம் இருமுறை, இருபது நிமிடம் ஜெனரேட்டரை ஓட்டுங்கள். சும்மா ஓட்டினால் போதாது. விளக்கு, மின்விசிறி, பிரீசர் ஆகியவற்றை இணைத்து ஓட்ட வேண்டும். சூடேறினால்தான் உள்ளே படிந்த ஈரம் போகும். மின்சாரம் எடுத்தால்தான் ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று தெரியும். இதற்கென்று நாள் பார்க்கவும் வேண்டாம். பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் முன்கூட்டி அறிவித்து மின்சாரம் நிறுத்துகிற நாள் இருக்கிறதே, அதுவே நம் ஜெனரேட்டருக்குப் பரீட்சை நாள்.

ஓட்டி முடித்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதலில் லோடை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். பிறகு சுவிட்சை அணைக்காமல், பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் தீர்ந்ததும் இன்ஜின் தானே நின்றுவிடும். அதன் பிறகு சுவிட்சை அணையுங்கள். கார்புரேட்டரில் தங்கும் பெட்ரோல்தான் நாளடைவில் பிசினாகி, முடி அளவே உள்ள துளைகளை அடைத்துவிடுகிறது.

முன்பைவிட இப்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும். நாம் வாங்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். எனவே டேங்கில் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் பழைய பெட்ரோல் கிடக்கக் கூடாது. பழைய இயந்திரமானால் ரப்பர் குழாய் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கசிவு தெரிந்தால் குழாயை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

ஆயிலும் பில்டரும்

ஆயுதபூஜைக்கு ஜெனரேட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். ஆயில் மாற்றுகிறோமா? புது இயந்திரத்துக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுவது பொது வழக்கம். ஓடவே இல்லை என்றாலும் ஆறு மாதக் கணக்கை விடக் கூடாது. எந்த ஆயில், எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். அதையே பின்பற்றுங்கள். இயந்திரம் சூடாக இருக்கும்போது பழைய ஆயிலை வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும்.

ஆயில் அளவு பார்க்கும்போது இயந்திரம் சமதளத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.

ஏர் பில்டர் ஸ்பாஞ்சு வகை என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, சுத்தமான இன்ஜின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். காகித வகையைக் கழுவக் கூடாது. மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்கலாம், மிகவும் கறுத்துவிட்டால் மாற்றலாம். மாவு, மிளகாய்த்தூள், தவிட்டுத் தூசி பறக்கும் நம் கடைகளில் பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கையேட்டில் மூன்று மாதம் என்றிருந்தால் நாம் ஒன்றரை மாதத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

கிளம்பவில்லை என்றால்

கயிற்றை இருபது முறை இழுப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றை வரிசை மாறாமல் பாருங்கள்.

1. இன்ஜின் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா? பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா? டேங்கில் இருப்பது புதுப் பெட்ரோலா?

2. ஆயில் போதுமா? பல இயந்திரங்களில் ஆயில் குறைந்தால் இன்ஜினைக் கிளம்பவிடாமல் தடுக்கும் அமைப்பு உண்டு. இயந்திரம் சாய்வான இடத்தில் இருந்தாலும் அது தடுத்துவிடும். இதை அறியாமல் பிளக்கையும் கார்புரேட்டரையும் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. நூறு மில்லி ஆயில் ஊற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

3. சோக் சரியாக இருக்கிறதா? குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக் போட வேண்டும். சற்று முன் ஓடிச் சூடாக இருக்கும் இன்ஜினுக்குப் போடக் கூடாது.

4. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜினின் உடல்நிலையைப் பிளக்கின் நிறம் சொல்லும். வெளிர் காப்பி நிறம் நல்லது. கறுப்புப் புகைக்கரி படிந்திருந்தால் காற்று குறைவு, பெட்ரோல் அதிகம் என்று பொருள். ஏர் பில்டரைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அதிகச் சூடு. நனைந்திருந்தால் பெட்ரோல் உள்ளே தேங்கிவிட்டது. அப்படித் தேங்கியிருந்தால் சுவிட்சையும் பெட்ரோல் டேப்பையும் மூடி, பிளக் இல்லாமலே நாலைந்து முறை கயிற்றை இழுத்து, சற்று ஆறவிட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக் இல்லாமல் கிளப்புங்கள். பிளக்கின் இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். கைவசம் ஒரு புதுப் பிளக் எப்போதும் இருக்கட்டும்.

5. பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்கின் வலை, டேப்பின் அடியில் உள்ள கிண்ணம் ஆகியவற்றில் தண்ணீரும் கசடும் இருக்கும். சுத்தம் செய்யலாம். அதற்குப் பிறகும் கிளம்பாவிட்டால் கார்புரேட்டரைத் திறந்து கழுவ வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை.

கிளம்பிச் சில நிமிடத்தில் நின்றுவிடுகிறதா? டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் ஒழுங்காக ஓடினால் அதுதான் காரணம். ஏறி இறங்கி மூச்சு வாங்குவது போல ஓடினால், பெரும்பாலும் கார்புரேட்டரில் அழுக்கு. கரும்புகை வந்தால் பில்டர் அடைப்பு, அல்லது லோடு அதிகம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம், அல்லது ரிங் தேய்ந்திருக்கலாம்.

இன்ஜின் ஓடுகிறது, கரண்ட் இல்லை

முதலில் ஜெனரேட்டரிலேயே உள்ள பிரேக்கர் டிரிப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லோடு அனைத்தையும் கழற்றிவிட்டு அதைப் போட்டுப் பாருங்கள். நின்றால், கோளாறு ஜெனரேட்டரில் இல்லை. நம் வயரிங்கிலோ ஏதோ ஒரு சாதனத்திலோ இருக்கிறது. ஒவ்வொன்றாக இணைத்தால் எது என்று தெரிந்துவிடும்.

பிரேக்கர் சரியாக இருந்தும் கரண்ட் வரவில்லை என்றால் கார்பன் பிரஷ், ஏ.வி.ஆர்., கண்டென்சர் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. ஆல்டர்னேட்டரின் இரும்பில் தங்கியிருக்கும் சிறிதளவு காந்தசக்திதான் மின் உற்பத்தியைத் தொடங்கி வைக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அது மறைந்துவிடலாம். பேட்டரி கொண்டு அதைத் திரும்ப ஊட்டும் முறை எலெக்ட்ரீஷியன்களுக்குத் தெரியும். நாமே செய்து பார்க்கக் கூடாது. ரிவைண்டிங் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், இதைப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

வோல்டேஜ் குறைகிறது என்று இன்ஜின் வேகத்தைக் கூட்டும் திருகில் கை வைப்பதும் கூடாது. சிறிய பெட்ரோல் செட்டுகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும். வேகம் மாறினால் பிரீசர் மோட்டாரும் பில் போடும் மெஷினும் சேர்ந்து பாழாகும்.

எவ்வளவு லோடு தாங்கும்?

ஒரு மளிகைக் கடைக் கணக்கைப் பார்ப்போம். எல்.இ.டி. விளக்கு பத்து, 100 வாட்ஸ். மின்விசிறி மூன்று, 225 வாட்ஸ். கம்ப்யூட்டரும் பில் மெஷினும் 150 வாட்ஸ். தராசு, கேமரா 50 வாட்ஸ். ஐஸ்கிரீம், பால் வைக்கும் பிரீசர் ஓடும்போது 300 வாட்ஸ். மொத்தம் 825 வாட்ஸ். இரண்டு கே.வி.ஏ. தாராளம் என்று தோன்றும்.

ஆனால் பிரீசரின் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஐந்து மடங்கு என்றாலே 1,500 வாட்ஸ். மற்றவை 525 சேர்ந்தால் 2,025. கே.வி.ஏ.வை 0.8ஆல் பெருக்கினால் கிடைப்பதே உத்தேசமாக நாம் எடுக்கக்கூடிய கிலோவாட். அதன்படி 2 கே.வி.ஏ. தருவது 1,600 வாட்ஸ்தான். பிரீசர் ஒவ்வொரு முறை தானாக நின்று கிளம்பும்போதும் ஜெனரேட்டர் திணறும். இந்தக் கடைக்கு 3 கே.வி.ஏ. வேண்டும். 2 கே.வி.ஏ.தான் இருக்கிறது என்றால் பிரீசரை ஓட்டும் நேரத்தில் மற்றவற்றை நிறுத்தி வையுங்கள்.

விளக்கு, பில் மெஷின் ஆகியவற்றை இன்வெர்ட்டரில் விட்டுவிட்டு, ஜெனரேட்டரைப் பிரீசருக்கு மட்டும் வைத்துக்கொள்வது சிக்கனமான வழி. பிரீசரும் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. நிறைந்த பிரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் பல மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். கண்ணாடி மூடி போட்டது அவ்வளவு தாங்காது. எனவே விட்டு விட்டு ஓட்டினாலே சரக்கு தப்பும், பெட்ரோலும் மிச்சம்.

கிளப்பும்போது லோடு இல்லாமல் கிளப்பி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். மின்சாரம் நின்றவுடன் பிரீசரை ஜெனரேட்டருக்கு மாற்றாமல் ஐந்து நிமிடம் பொறுத்தால் கம்ப்ரசருக்கு நல்லது.

டீசல் செட் வைத்திருப்போர் பேட்டரியையே முதலில் கவனிக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் அளவு, முனைகளில் பூக்கும் உப்பு, சார்ஜ் ஆகியவற்றை மாதம் ஒருமுறை பாருங்கள். டீசல் முழுவதும் தீர்ந்து நின்றால் குழாயில் காற்றுப் புகுந்துவிடும். டீசல் ஊற்றியதும் காற்றை வெளியேற்றினால்தான் கிளம்பும். அதைக் கடை ஊழியர் ஒருவருக்காவது மெக்கானிக்கிடம் சொல்லிக் கற்றுக்கொடுங்கள். பெரிய செட்டை வாங்கிவிட்டுச் சொற்ப லோடில் நெடுநேரம் ஓட்டினால் உள்ளே கரி படியும்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு

இதுவரை சொன்னவற்றில் தவறினால் பணம்தான் போகும். இனிச் சொல்லும் இரண்டில் தவறினால் உயிர் போகும்.

முதலாவது, புகை. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். ரத்தத்தோடு ஒட்டும் பலம் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல். கடைக்குள்ளோ, குடோனுக்குள்ளோ, மாடிப்படிக்கு அடியிலோ, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோ ஜெனரேட்டரை ஓட்டவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தோம், மின்விசிறி போட்டோம் என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. திறந்த வெளியில், கதவு ஜன்னல்களிலிருந்து 20 அடி தள்ளி, சைலென்சர் வாய் கட்டிடத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி வைக்க வேண்டும். மாடியில் நம் பிள்ளைகள் தூங்கும் அறை ஜன்னலையும் பக்கத்து வீட்டு ஜன்னலையும் சேர்த்தே சொல்கிறேன். திருட்டுப் போய்விடும் என்று உள்ளே வைத்து ஓட்டுவோர் உண்டு. வெளியே இரும்புச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். ஜெனரேட்டர் போனால் இன்னொன்று வாங்கலாம்.

ஜெனரேட்டர் ஓடும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால், அதுவும் ஒரே நேரத்தில் இருவர் மூவருக்கு வந்தால், சாப்பாட்டுக் கோளாறு என்று படுக்க வைக்காதீர்கள். உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108க்குப் போன் செய்யுங்கள். இந்த வாயுவைக் கண்டு ஒலி எழுப்பும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. மாடியில் வீடு உள்ளவர்கள் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

இரண்டாவது, பின்னோக்கிப் பாயும் மின்சாரம். இரு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவரிலுள்ள சாக்கெட்டில் செருகிக் கடை முழுக்க விளக்கு எரிய வைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மெயினை அணைக்க மறந்தால் நம் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலை செய்து அதை 11,000 வோல்ட் வரை ஏற்றிவிடும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் கதி என்ன? கஜா சமயத்தில் வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து, மழையிலும் சேற்றிலும் நமக்காகக் கம்பம் நட்டவர்கள் அவர்கள். அவர்களும் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளே. அதோடு, மின்வாரிய மின்சாரம் திரும்ப வந்தால் நம் ஜெனரேட்டரின் காயிலும் எரிந்துபோகும்.

இதற்குத் தீர்வு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மின்வாரியம் ஒருபுறம், ஜெனரேட்டர் மறுபுறம், ஒரு நேரத்தில் ஒன்றுதான் இணையும். ஒற்றை பேஸ் இணைப்புக்கு பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் இரு துருவ வகையும், மூன்று பேஸுக்கு நான்கு துருவ வகையும் போட வேண்டும். நியூட்ரலை மட்டும் பொதுவாக விட்டுவிட்டுச் செலவைக் குறைப்பதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எர்த் இணைப்பும் அவசியம். இந்த வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

எரிபொருளும் இடமும்

ஓடும்போதும் சூடாக இருக்கும்போதும் பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்திப் பத்து நிமிடமாவது ஆறவிடுங்கள். நம் கடையில் எண்ணெய், சாக்கு, அட்டைப்பெட்டி, தீப்பெட்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பெட்ரோல் கேனை அவற்றோடு வைக்கக் கூடாது. விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு, உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் பெட்ரோல் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. நமக்கு அவ்வளவும் தேவைப்படாது. இறுக மூடிய உலோகக் கேனில், கட்டிடத்துக்கு வெளியே, நிழலில் வைக்கலாம்.

ஜெனரேட்டர் மழையில் நனையக் கூடாது. பக்கங்கள் திறந்த கூரைக்குக் கீழே, உயரமான மேடையில் வையுங்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் அடித்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்கள் நீரில் மூழ்கி, தேவைப்பட்ட நேரத்தில் உதவாமல் போயின.

அதற்கும் ஒரு பேரேடு

ஜெனரேட்டருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். ஓட்டிய தேதி, மணி நேரம், ஊற்றிய பெட்ரோல், ஆயில் மாற்றிய நாள், மாற்றிய சாமான், மெக்கானிக்கின் போன் எண் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். திடீரென்று அது கூடினால் கோளாறு வரப்போகிறது என்று அறியலாம். புரட்டாசிக்குள் முழு சர்வீஸ் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வரும்போது மெக்கானிக் கடையில் நம் ஜெனரேட்டர் வரிசையில் நிற்கக் கூடாது.

சிறு கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்குத் தரும் பெரிய வசதி, எந்த நாளிலும் கடை திறந்திருப்பதுதான். ஊர் இருட்டில் கிடக்கும்போது குழந்தைக்குப் பால் பாக்கெட்டும் ஒரு மெழுகுவத்தியும் கேட்டு வருபவர் நம்மைத் தேடித்தான் வருவார். அன்று நம் கடையில் விளக்கு எரிய வேண்டுமானால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மூலையிலுள்ள சாக்குகளை எடுத்துவிட்டு, ஆயில் அளவைப் பார்த்து, ஜெனரேட்டரை வெளியே கொண்டுவந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.